ஃப்ரீபிஎஸ்டி மேல விண்டோஸ் 7 விஎம், மாங்கா மண்டி பில்லிங்குக்கு: பிஹைவா விர்ச்சுவல்பாக்ஸா?

மண்டிவீட்டுப்பையன் (காவேரிப்பட்டணம்):

வணக்கம் எல்லாருக்கும். நம்ம வீட்ல மாங்கா மண்டி. கூழ் ஃபேக்டரிக்குப் போற பெங்களூரா தான் அதிகம், அப்புறம் செந்தூரா, நீலம் கொஞ்சம். பில், தோட்டக்காரங்க கணக்கு, கமிஷன், அட்வான்ஸ் எல்லாம் ஒரு பழைய சாஃப்ட்வேர்ல விண்டோஸ் 7ல ஓடுது. எழுதிக் குடுத்தவர் இப்ப அந்தத் தொழில்லயே இல்ல. புது விண்டோஸ்ல போட்டுப் பாத்தேன், திறக்குது, ஆனா ரிப்போர்ட் எடுக்கும்போது அப்படியே நின்னுடுது.

போன ஜூன்ல, சரியா லோடு குவியுற நேரத்துல, ஹார்ட் டிஸ்க் போச்சு. பென்டிரைவ்ல இருந்த பேக்கப் பதினோரு நாள் பழசு. அப்பா அம்மா நான் மூணு பேரும் மூணு ராத்திரி உக்காந்து துண்டுச்சீட்டு பாத்துப் பாத்து திரும்ப ஏத்தினோம், சிலரோட சீட்டு கிடைக்கவே இல்ல, அவங்க சொன்ன எடைய அப்பா அப்படியே ஒத்துக்கிட்டார். அது இன்னொரு தடவ நடக்கக் கூடாது.

கையில இருக்கிறது மூணாவது தலைமுறை ஐ5 டெஸ்க்டாப், 8 ஜிபி ராம், 1 டிபி டிஸ்க் ரெண்டு. பெங்களூர்ல வேலை பாத்தப்போ நாலு வருஷம் ஃப்ரீபிஎஸ்டி (லினக்ஸ் மாதிரி ஒரு யுனிக்ஸ் வகை ஓஎஸ்) சர்வர் பாத்துக்கிட்டேன், எனக்கு அது கைப்பழக்கம். அதனால ஃப்ரீபிஎஸ்டி 14 போட்டு, ரெண்டு டிஸ்க்கையும் இசட்எஃப்எஸ் (டிஸ்க்கைப் பாத்துக்கிற ஃபைல் சிஸ்டம்) மிரரா, அதாவது ஒண்ணுல எழுதுறது இன்னொண்ணுலயும் விழுற மாதிரி வெச்சு, அதுக்கு மேல விண்டோஸை விஎம்மா (கம்ப்யூட்டருக்குள்ள சாஃப்ட்வேராவே ஓடுற இன்னொரு கம்ப்யூட்டர்) ஓட்டலாம்னு இருக்கேன். எடைமேடை இண்டிகேட்டர்ல இருந்து ஒம்போது பின் சீரியல் கேபிள் வருது, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஒண்ணு இருக்கு, ரெண்டும் விஎம்முக்குள்ள வேலை செஞ்சே ஆகணும். விஎம்மை ஓட்ட பிஹைவ் போடுறதா, விர்ச்சுவல்பாக்ஸ் போடுறதா? சீசனுக்கு இன்னும் அஞ்சு வாரம் இருக்கு.

பென்னாகரம்_07:

அண்ணா கண்டிப்பா பிஹைவ். காலேஜ்ல செமினார் எடுத்ததே இதைப் பத்தித்தான். நெட்ஆப்ல இருந்த பீட்டர் கிரீஹனும் நீல் நாட்டுவும் எழுதினது, 2011 பிஎஸ்டிகேன் மாநாட்டுல காட்டினாங்க, 2014 ஜனவரி ஃப்ரீபிஎஸ்டி 10.0ல இருந்து சிஸ்டத்தோடயே வருது. தனியா எதுவும் இறக்க வேண்டாம், விஎம்எம் மாட்யூலை (ஓஎஸ்ஸோட மையமான கர்னல்ல சேர்ற துண்டு) லோட் பண்ணா போதும். அதே கோட் தான் எக்ஸ்ஹைவ்னு ஆப்பிள் மேக்குக்குப் போச்சு, அதுல இருந்து தான் மேக்ல டாக்கர் ஓடுறதுக்கு ஹைப்பர்கிட் வந்துச்சு. விஎம்-பிஹைவ்னு ஒரு பேக்கேஜ் இருக்கு, முழுக்க ஷெல் ஸ்கிரிப்ட், நாலு கமாண்டுல விஎம் நிக்கும்.

தொப்பூர்கணவாய்:

தம்பி, தர்மபுரில இருபது வருஷமா சர்வீஸ் கடை வெச்சிருக்கேன், மனசுல பட்டத சொல்றேன். லினக்ஸ் போட்டு கேவிஎம் (லினக்ஸோட விஎம் வசதி) வெச்சா இந்த வேலை ஒரே நாள்ல முடியும், இசட்எஃப்எஸ் இப்ப லினக்ஸ்லயும் கிடைக்குது. நாளைக்கு நீ ஊர்ல இல்லாதப்ப மெஷின் நின்னா எங்கள மாதிரி ஆளுங்க வந்து பாக்கணும், ஃப்ரீபிஎஸ்டி தெரிஞ்சவன் இந்த ரெண்டு ஜில்லாவுல எத்தன பேரு? அதையும் ஒரு தடவ யோசி.

மண்டிவீட்டுப்பையன்:

அண்ணா நீங்க சொல்றது நியாயம் தான், இதை நானும் யோசிச்சேன். ஆனா சீசன்ல ராத்திரி ரெண்டு மணிக்கு மெஷின் நின்னா வந்து பாக்கப் போறது நான் மட்டும் தான், அப்ப தூக்கத்துலயும் கை எதுல ஓடுமோ அது தான் எனக்கு பத்திரம். நான் இல்லாத நாளுக்கு என்ன பண்ணணும்னு ஒரு நோட்டுல எழுதி மெஷின் பக்கத்துல தொங்கவிடப் போறேன், அதை நீங்க ஒரு தடவ படிச்சுப் பாத்து சொன்னா நல்லா இருக்கும்.

தளி_ரோடு (ஓசூர்):

ரெண்டு விஷயம் முதல்ல பாரு தம்பி. ஒண்ணு, பூட் ஆகும்போது வர்ற மெசேஜ்ல ப்ராசசர் பகுதியில விடி-எக்ஸ்னு (இன்டெல் ப்ராசசர்ல விஎம் ஓட்டுற வசதி) ஆரம்பிக்கிற வரி இருக்கும், அதுல இபிடி, யுஜி (விஎம்முக்கு உதவுற ப்ராசசர் வசதிகள்) ரெண்டும் இருக்கான்னு பாரு. இபிடி இல்லன்னா பிஹைவ் பேச்சே வேண்டாம். யுஜி இல்லன்னா ஒரே ஒரு கோர் தான் குடுக்க முடியும், யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேரும் (கம்ப்யூட்டரை எழுப்புற புது வகை ப்ரோக்ராம், பயாஸ் பழைய வகை) ஓடாது. மூணாவது தலைமுறை ஐ5ல ரெண்டுமே இருக்கும், பயாஸ்ல விர்ச்சுவலைசேஷன் ஆஃப்ல கிடந்தா ஆன் பண்ணிக்கோ.

ரெண்டாவது தான் முக்கியம். உன் விண்டோஸ் 7, 32 பிட்டா 64 பிட்டா?

மண்டிவீட்டுப்பையன்:

இபிடி, யுஜி ரெண்டும் இருக்குக்கா. விண்டோஸ் 32 பிட். சாஃப்ட்வேர்ல ஏதோ ஒரு பகுதி 16 பிட்னு நினைக்கிறேன், 64ல போட்டா இன்ஸ்டாலரே எழுந்திருக்கல.

தளி_ரோடு (ஓசூர்):

அப்ப பிஹைவ் உனக்கு ஆகாது. பென்னாகரம் தம்பி கோவிச்சுக்காதப்பா, நீ சொன்னது எல்லாம் சரி தான், நானே வேலை செய்யுற இடத்துல டெபியன் விஎம் பதினாலு பிஹைவ்ல தான் ஓட்டுறேன், மாசக்கணக்குல திரும்பிப் பாக்கறதில்ல. ஆனா பிஹைவ் விண்டோஸை எழுப்புறது 64 பிட் யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் வழியா. 32 பிட் விண்டோஸ் 7க்கு யுஇஎஃப்ஐல பூட் ஆகத் தெரியாது, அதுக்கு பழைய பயாஸ் தான் வேணும். விர்ச்சுவல்பாக்ஸ் அந்த பயாஸை அப்படியே காட்டும். அதோட 16 பிட் ப்ரோக்ராம் 64 பிட் விண்டோஸ்ல எந்த விஎம்ல போட்டாலும் ஓடாது, அதனால 64க்கு மாத்தி பிஹைவ்ல போடலாம்ங்கிற வழியும் அடைச்சாச்சு.

இன்னொரு காரணமும் இருக்கு. பிஹைவ்ல ஒரு யுஎஸ்பி சாமானை மட்டும் எடுத்து விஎம்முக்குள்ள குடுக்க முடியாது, முழு யுஎஸ்பி கன்ட்ரோலரையே பிசிஐ பாஸ்த்ரூ (நேரா விஎம் கையில ஒப்படைக்கிறது) பண்ணணும், அதுக்கு விடி-டிங்கிற இன்டெல் வசதி வேணும், பண்ணா அந்த கன்ட்ரோலர்ல இருக்கிற எல்லா போர்ட்டும் ஹோஸ்ட் (விஎம்மை ஓட்டுற வெளி மெஷின்) கையை விட்டுப் போயிடும். விர்ச்சுவல்பாக்ஸ்ல ஒரு சாமானை மட்டும் எடுத்துக் குடுக்கலாம்.

பென்னாகரம்_07:

கோவமெல்லாம் இல்லக்கா, இந்த 32 பிட் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. அப்ப கியூஎமு, அதுவும் விஎம் ஓட்டுற சாஃப்ட்வேர் தானே?

தளி_ரோடு (ஓசூர்):

ஃப்ரீபிஎஸ்டில கேவிஎம் கிடையாது, அதனால கியூஎமு ஒவ்வொரு இன்ஸ்ட்ரக்ஷனையும் சாஃப்ட்வேர்லயே மொழிபெயர்த்து ஓட்டும், பில் போட ஒரு நிமிஷம் காத்திருந்தா லாரிக்காரன் சும்மா இருப்பானா. நெட்பிஎஸ்டில 9.0ல இருந்து என்விஎம்எம்னு ஒரு விஎம் வசதி இருக்கு, அங்க கியூஎமு வேகமா ஓடும். ஓபன்பிஎஸ்டியோட விஎம்எம்ல ஸ்க்ரீனே கிடையாது, சீரியல் கன்சோல் மட்டும் தான், விண்டோஸ் நினைக்கவே வேண்டாம்.

தொப்பூர்கணவாய்:

தம்பி அந்த பழைய விண்டோஸை புதுசா இன்ஸ்டால் பண்ணப் போறியா, இல்ல இருக்கிறத அப்படியே தூக்கப் போறியா? சாஃப்ட்வேர் சிடி இருக்கா? லைசென்ஸ் கீ ஹார்ட்வேரோட கட்டினதா இருந்தா விஎம்ல போட்டதும் புது மெஷின்னு நினைச்சு கீ கேக்கும்.

மண்டிவீட்டுப்பையன்:

சிடி இல்லண்ணா, அப்படியே தூக்கணும். கீ எதுவும் கட்டல, பழைய மெஷின்ல இருந்து ஒரு தடவ மாத்தினப்பவும் கேக்கல.

தொப்பூர்கணவாய்:

அப்ப டிஸ்க்2விஹெச்டி போட்டு முழு டிஸ்க்கையும் விஹெச்டி ஃபைலா (விஎம் படிக்கிற டிஸ்க் நகல்) எடு, விர்ச்சுவல்பாக்ஸ் அதை நேரா படிக்கும். எடுக்கறதுக்கு முன்னாடியே ரெஜிஸ்ட்ரில எம்எஸ்ஏஹெச்சிஐ (சாட்டா டிஸ்க் டிரைவர்) சர்வீஸோட ஸ்டார்ட் மதிப்பை 0 ஆக்கிடு. இல்லன்னா பழைய மெஷின் ஐடிஇ மோடுல இருந்து, விஎம்ல சாட்டா கன்ட்ரோலர் போட்டா, லோகோ வந்த உடனே நீலத்திரை அடிக்கும், 7பினு முடியுற எரர். இதுல நிறைய பேர் பயந்துபோய் விண்டோஸை ஃபார்மட் பண்ணிட்டு வந்து நிப்பாங்க. பழைய டிஸ்க்கை மட்டும் ஒரு சீசன் முழுக்க கழட்டி பீரோல வெச்சுக்கோ, கை வெக்காத.

மண்டிவீட்டுப்பையன் (நாலு நாள் கழிச்சு):

முதல் தகவல். விஎம் எழுந்திரிச்சிடுச்சு, ஆனா நேரா இல்ல. இதே வழியில வர்றவங்களுக்காக எழுதி வெக்கிறேன்.

ஆரம்பத்துல பிஹைவ் ஆசையில பூட் லோடர் கான்ஃபிக்ல விஎம்எம் மாட்யூலை எழுதி வெச்சிருந்தேன், அதை மறந்துட்டேன். விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு விஎம் ஸ்டார்ட் பண்ணா விடி-எக்ஸை வேற ஹைப்பர்வைசர் பிடிச்சு வெச்சிருக்குன்னு எரர். ஒரு ப்ராசசர்ல ரெண்டு பேரும் ஒரே நேரத்துல உக்கார முடியாது. அந்த வரியை எடுத்துட்டு ரீபூட் பண்ணதும் போச்சு.

அடுத்தது விர்ச்சுவல்பாக்ஸோட விபாக்ஸ்டிஆர்வி மாட்யூலே லோட் ஆகல, கர்னலோட வெர்ஷன் பொருந்தலன்னு சொல்லுது. பேக்கேஜை எல்லாம் அந்த வரிசையில இன்னும் சப்போர்ட் இருக்கிற பழைய வெர்ஷன்ல வெச்சுத்தான் கட்டுறாங்க, என் கர்னல் அதைவிடப் புதுசு. சாதாரண ப்ரோக்ராமுக்கு இது பிரச்சனை இல்ல, கர்னல் மாட்யூலுக்கு மட்டும் இடிக்கும். 14.2ல இருந்து கர்னல் மாட்யூலுக்குன்னே தனி ரெப்போ (பேக்கேஜ் கிடங்கு) வந்திருக்கு, அதுல இருந்து எடுத்ததும் சரியாச்சு. அப்புறம் என் யூசரை விபாக்ஸ்யூசர்ஸ் குரூப்ல சேத்தேன், விபாக்ஸ்நெட் சர்வீஸை ஆன் பண்ணேன்.

தொப்பூர் அண்ணா சொன்ன ரெஜிஸ்ட்ரி மாத்தத்த முன்னாடியே பண்ணதால நீலத்திரை வரவே இல்ல. ரொம்ப நன்றிண்ணா.

தளி_ரோடு (ஓசூர்):

நல்லது. ஒண்ணு மட்டும் நோட்டுல பெருசா எழுதி வெச்சுக்கோ: சீசன் முடியுற வரைக்கும் ஃப்ரீபிஎஸ்டி அப்டேட் பண்றதே இல்லன்னு. பண்ணியே ஆகணும்னா பூட் என்விரான்மென்ட் (இப்ப இருக்கிற சிஸ்டத்தோட நகல்) ஒண்ணு எடுத்து வெச்சுட்டுப் பண்ணு, மாட்யூல் இடிச்சா பூட் மெனுல பழசைத் தேர்ந்தெடுத்து ரெண்டு நிமிஷத்துல திரும்பலாம்.

இன்னொண்ணு, இசட்எஃப்எஸ் ராமை கேஷுக்கு எடுத்துக்கும். கேட்டா திருப்பிக் குடுக்கும்னு சொல்வாங்க, ஆனா 8 ஜிபி மெஷின்ல விஎம் ஸ்டார்ட் ஆகுற நேரத்துல இடம் பத்தாம ஸ்வாப் அடிக்கிறதை நானே பாத்திருக்கேன். ஏஆர்சிக்கு (அந்த கேஷோட பேரு) 2 ஜிபினு மேல்வரம்பு வெச்சிடு. 32 பிட் விண்டோஸுக்கு 2 ஜிபி ராம் தாராளம்.

அந்த விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14லயே மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்டை நிறுத்திடுச்சு. அதை இன்டர்நெட்ல விடாத. ஹோஸ்ட்-ஒன்லி (விஎம்மும் ஹோஸ்ட்டும் மட்டும் பேசிக்கிற) நெட்வொர்க் மட்டும் குடு.

மண்டிவீட்டுப்பையன்:

ஹோஸ்ட்-ஒன்லி போட்டதுல பிரிண்டருக்கும் சேத்து ஒரு நல்லது நடந்துச்சுக்கா, அதைச் சொல்லியே ஆகணும்.

பிரிண்டரை விஎம்முக்குள்ள குடுக்காம ஹோஸ்ட்லயே மாட்டி, ஃப்ரீபிஎஸ்டியோட கூடவே வர்ற பழைய எல்பிடிங்கிற பிரிண்ட் சர்வீஸ்ல ஒரு க்யூ திறந்தேன், ஃபில்டர் எதுவும் இல்லாம வர்றதை அப்படியே பிரிண்டருக்குத் தள்ளுற மாதிரி. விண்டோஸ் 7ல விண்டோஸ் ஃபீச்சர்ஸ்ல போய் எல்பிஆர் போர்ட் மானிட்டரை ஆன் பண்ணா அந்த க்யூவை நெட்வொர்க் பிரிண்டரா சேக்கலாம். முதல்ல நேட் (விஎம் ஹோஸ்ட்டோட ஐபியில வெளிய போற) நெட்வொர்க்ல முயற்சி பண்ணேன், எல்பிடி ஏத்துக்கவே மாட்டேங்குது. ரெண்டு மணி நேரம் மண்டைய உடைச்சேன். காரணம் என்னன்னா எல்பிடி 1024க்கு கீழ இருக்கிற போர்ட்ல இருந்து வர்றவங்கள மட்டும் தான் நம்பும், நேட் நடுவுல புகுந்து போர்ட் நம்பரை மாத்திடுது. ஹோஸ்ட்-ஒன்லில அந்த மாத்தம் இல்ல, விஎம்மோட ஐபியை எல்பிடி அனுமதி ஃபைல்ல சேத்ததும் கரகரன்னு அடிச்சிடுச்சு. அந்த சத்தம் கேட்டு அப்பா உள்ள இருந்து எழுந்து வந்தார்.

எடைமேடை சுலபம். சீரியல் கேபிளை ஹோஸ்ட்ல மாட்டி, விஎம் செட்டிங்ல ஹோஸ்ட் டிவைஸ்னு தேர்ந்தெடுத்து கூவாயு0ங்கிற டிவைஸ் பாதையைக் குடுத்தேன், யூசரை டயலர் குரூப்ல சேத்தேன். உள்ள அது காம்1ஆ தெரியுது. இண்டிகேட்டர்ல என்ன வேகம் வெச்சிருக்கோ அதே வேகம் சாஃப்ட்வேர்லயும் இருக்கணும், அவ்வளவு தான்.

ராயக்கோட்டை_மொத்தம்:

எங்களுது தக்காளி மண்டி, இதே கதை தான், பழைய சாஃப்ட்வேர் பழைய கம்ப்யூட்டர். ரொம்ப நாளா படிச்சிட்டு இருக்கேன், எழுதறது இப்ப தான். ஒரு சந்தேகம்: எங்களுக்கு இந்த மாதிரி எல்லாம் பண்ணத் தெரியாது, பேசாம பழைய மாடல்லயே இன்னொரு கம்ப்யூட்டர் வாங்கி ஸ்பேரா வெச்சுக்கிட்டா ஆகாதா?

தொப்பூர்கணவாய்:

ஆகும்ங்க, ஆனா அந்த ஸ்பேரும் அதே வயசு தானே. விஎம்ல ஒரு லாபம் என்னன்னா உள்ள இருக்கிற விண்டோஸுக்கு மெஷின் மாறுனதே தெரியாது, நாளைக்கு வேற கம்ப்யூட்டருக்கு அந்த ஃபைலைத் தூக்கிட்டுப் போனாலும் அதே மதர்போர்டு, அதே டிஸ்க்னு தான் காட்டும். உங்களுக்கு நான் வந்து லினக்ஸ்லயே போட்டுத் தர்றேன், ராயக்கோட்டை எனக்கு தூரமில்ல.

மண்டிவீட்டுப்பையன் (மே முதல் வாரம்):

அவசரம். லோடு வர ஆரம்பிச்சாச்சு. நேத்து ராத்திரி பன்னண்டரை மணிக்கு மேல போட்ட பில் எல்லாம் முந்தின நாள் தேதில விழுந்திருக்கு. அப்பா காலைல கணக்கு கூட்டும்போது தான் கண்டுபிடிச்சார். ஆனா காலைல ஆறு மணிக்கு மேல போட்டது சரியான தேதி. விஎம் டைம் பாத்தா அஞ்சரை மணி நேரம் பின்னாடி இருக்கு. நான் டெஸ்ட் பண்ணது எல்லாம் பகல்ல, தேதியை மட்டும் தான் பாத்தேன், மணியைப் பாக்கல.

தளி_ரோடு (ஓசூர்):

அஞ்சரைன்னு சொன்னதுமே தெரிஞ்சிடுச்சு. விஎம் செட்டிங்ல ஹார்ட்வேர் க்ளாக் யுடிசில இருக்குன்னு ஒரு டிக் இருக்கும், அதை எடு. விண்டோஸ் கடிகாரத்துல இருக்கிறதை நம்ம ஊர் நேரம்னே எடுத்துக்கும், நீ யுடிசி குடுத்தா அது கிரீன்விச் நேரத்தையே கிருஷ்ணகிரி நேரம்னு நம்பிடும். ராத்திரி பன்னண்டுல இருந்து காலைல அஞ்சரை வரைக்கும் எல்லாமே நேத்து தான் அதுக்கு. ஹோஸ்ட்டோட டைம்ஸோன் ஏசியா கொல்கத்தாவுல இருக்கான்னும் பாத்துக்கோ. பிஹைவ்லயும் இதே மாதிரி ஒரு யுடிசி செட்டிங் உண்டு, விண்டோஸ் வெக்கிறவங்க அங்கயும் கவனிக்கணும்.

மண்டிவீட்டுப்பையன்:

டிக் தான்க்கா. இடம்பெயர்த்து எடுத்துட்டு வந்தப்போ ஓஎஸ் வகையை விண்டோஸ்னு குடுக்காம வேற ஏதோ ஒண்ணா குடுத்துட்டேன் போல, அதுல அந்த டிக் தானா விழுந்திருக்கு. எடுத்தாச்சு, சரியாயிடுச்சு. முப்பத்தி நாலு பில்லை கையால தேதி மாத்தினோம், தோட்டக்காரங்க கிட்ட போன்ல சொல்லியாச்சு.

தொப்பூர்கணவாய்:

கரண்ட்டு போனா என்ன ஏற்பாடு? அதைச் சொல்லல நீ.

மண்டிவீட்டுப்பையன்:

யுபிஎஸ் ஹோஸ்டோட யுஎஸ்பில கட்டியிருக்கேன், யுபிஎஸ்ஸைக் கவனிக்கிற நட் சர்வீஸ் ஓடுது. பேட்டரி குறைஞ்சா முதல்ல விஎம்முக்கு பவர் பட்டன் அமுக்கின மாதிரி சிக்னல் போகும், விண்டோஸ் தானா ஷட்டவுன் ஆகும், அது முடிஞ்சப்புறம் தான் ஹோஸ்ட் நிக்கும். விண்டோஸ்ல பவர் பட்டனுக்கு ஷட்டவுன்னு இருக்கான்னு பாத்து வெச்சேன், ஸ்லீப்னு இருந்தா இது வேலைக்காகாது. நாலு தடவ ப்ளக்கைப் பிடுங்கிப் பாத்தாச்சு.

ஸ்னாப்ஷாட் (டிஸ்க் அந்த நிமிஷம் இருக்கிற நிலைமையைப் பதிவு பண்றது) மதியம் ரெண்டு மணிக்கு. மண்டில ஆள் இல்லாத நேரம் அது ஒண்ணு தான். ஓடிட்டு இருக்கிற விஎம்மை ஸ்னாப்ஷாட் எடுத்தா கரண்ட்டு போன மாதிரி நிலைமைல தான் பதிவாகும், டேட்டாபேஸ் பாதி எழுதினபடி இருக்கலாம், அதனால ஷட்டவுன் பண்ணி, ஸ்னாப்ஷாட் எடுத்து, திரும்ப ஸ்டார்ட் பண்ற ஸ்கிரிப்ட். மிரர் இருந்தாலும் அது பேக்கப் ஆகாது, தப்பா அழிச்சா ரெண்டு டிஸ்க்லயும் தான் அழியும். அதனால ஞாயித்துக்கிழமை இசட்எஃப்எஸ் செண்ட் போட்டு ஒரு வெளி டிஸ்க்குக்கு எடுத்து வீட்டுக்குக் கொண்டு போயிடுறேன்.

பென்னாகரம்_07:

அண்ணா நடுவுல என் கேள்வி ஒண்ணு, லேப்டாப்ல பிஹைவ் வெச்சு டெபியன் போட்டேன், ஓடுது, ஆனா நெட் வரல. வைஃபை இன்டர்ஃபேஸை பிரிட்ஜ்ல (நெட்வொர்க் போர்ட்டுகளை ஒண்ணா இணைக்கிறது) சேத்தேன், டேப்பும் (விஎம்மோட நெட்வொர்க் போர்ட்) சேத்தேன்.

தளி_ரோடு (ஓசூர்):

வைஃபை க்ளையன்ட்டை பிரிட்ஜ்ல சேக்க முடியாதுப்பா. ரூட்டருக்கு உன் லேப்டாப்போட மேக் அட்ரஸ் (நெட்வொர்க் கார்டோட அடையாள எண்) மட்டும் தான் பதிவாகியிருக்கும், விஎம்மோட மேக்ல போற பாக்கெட்டை அது ஏத்துக்காது. பிரிட்ஜ்ல டேப்பை மட்டும் வெச்சு, பிரிட்ஜுக்கு ஒரு ஐபி குடுத்து, பிஎஃப் ஃபயர்வால்ல நேட் போடு, கேட்வே ஃபார்வர்டிங் ஆன் பண்ணு. கேபிள்ல மாட்டினா நீ பண்ணது அப்படியே வேலை செய்யும்.

பென்னாகரம்_07:

நேட் போட்டதும் வந்துடுச்சுக்கா!

மண்டிவீட்டுப்பையன் (ஜூன் கடைசி):

ஏழு வாரம் ஆச்சு. ஒரு தடவ ஒரு தோட்டக்காரர் கணக்கையே அப்பா தெரியாம அழிச்சிட்டார், முந்தின நாள் மதிய ஸ்னாப்ஷாட்டை தனியா க்ளோன் பண்ணி, அதுல இன்னொரு விஎம்மா எழுப்பி, அந்தக் கணக்கைப் பாத்து திரும்ப ஏத்தினோம், மொத்தமே அரை மணி நேரம். பில் ஓடுற விஎம் நிக்கவே இல்ல, வெளிய லோடு இறங்கிட்டே இருந்துச்சு.

தொப்பூர் அண்ணா, நோட்டு எழுதி முடிச்சிட்டேன், பதினோரு பக்கம் வந்திருக்கு. சனிக்கிழமை மதியம் வர முடியுமா? நான் பக்கத்துல உக்காந்து வாயைத் திறக்க மாட்டேன், நீங்க நோட்டை மட்டும் பாத்து மெஷினை நிறுத்தி, திரும்ப எழுப்பணும். எங்க முட்டுதோ அந்தப் பக்கத்தை மாத்தி எழுதிடுறேன்.

தொப்பூர்கணவாய்:

வர்றேன் தம்பி. ரெண்டு மணி ஸ்னாப்ஷாட் முடிஞ்சப்புறம் ஆரம்பிக்கலாம், ராயக்கோட்டைக்காரரையும் கூட்டிட்டு வர்றேன், அவரும் ஒரு தடவ கண்ணால பாக்கட்டும்.